பழைய பித்தளை திசைகாட்டி கிடைச்சிருக்கா? நிஜமாவே பழசா, நகலா... கண்டுபிடிப்பது எப்படி?

தாத்தாவின் தகரப் பெட்டி, வீடு இடிக்கும்போது பரண், பழைய பாத்திரக் கடை... மதுரை சுற்றுவட்டாரத்தில் உள்ளங்கை அளவு பித்தளை திசைகாட்டி இப்படித்தான் கைக்கு வருகிறது. மூடியில் 'லண்டன்' என்று இருந்தால் போதும், பல லட்சம் போகும் என்று யாராவது சொல்லிவிடுவார்கள். நம்புவதற்கு முன் இதைப் படிங்க.

முதல் வேலை என்ன?

தேய்க்காதீங்க! புளி, எலுமிச்சை, பாலிஷ் எதுவும் வேண்டாம். மங்கலான எழுத்துகள்தான் ஒரே ஆதாரம். அது போனால் அடையாளமே போச்சு. செல்போன் டார்ச்சை பக்கவாட்டில் அடித்து, மூடி, அடிப்பக்கம், டயல் மூன்றையும் போட்டோ எடுங்க.

'ஸ்டான்லி லண்டன் 1885' என்று இருக்கா?

வில்லியம் ஃபோர்டு ஸ்டான்லி லண்டனில் நிஜமாகவே அளவைக் கருவிகள் செய்தவர். ஆனால், இந்தப் பெயரோடு இன்று சந்தையில் சுற்றுவதில் பெரும்பாலானவை புதுசு. சிலவற்றின் மூடிக்குள் ராபர்ட் ஃப்ராஸ்டின் 'தி ரோட் நாட் டேக்கன்' கவிதை இருக்கும். ஃப்ராஸ்ட் பிறந்தது 1874. கவிதை வெளியானது 1915. அப்படின்னா 1885-ல் கவிஞருக்கு வயது 11 தான்!

இதுபோன்ற நகல்கள் உத்தராகண்டின் ரூர்க்கியில் அதிகம் தயாராகின்றன. 1847-ல் பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்ட ஊர் அது. அதையொட்டி அளவைக் கருவித் தொழிலும் வளர்ந்தது. அழகுக்காக வாங்கினால் தப்பில்லை, பழசு என்று விற்பதுதான் தப்பு.

நிஜமான பழசில் என்ன இருக்கும்?

* மேல்நோக்கிய அம்புக்குறி: பிரிட்டிஷ் அரசு உடைமை. கீழே ஆங்கில 'ஐ' எழுத்து இருந்தால் இந்திய அரசுக்கானது.
* 'வெர்னர்ஸ் பேட்டர்ன்', கூடவே 1915, 1917 போன்ற ஆண்டு: முதல் உலகப்போர் ராணுவத் திசைகாட்டி.
* 'மேத்தமேட்டிகல் இன்ஸ்ட்ரூமென்ட் ஆபீஸ், கல்கத்தா': அரசு நில அளவைக்கான கருவி.
* பாதி கறுப்பு, பாதி வெள்ளை டயல்: 1861-ல் காப்புரிமை பெற்ற 'சிங்கர்' வகை.

இந்த முத்திரைகளையும் நகலில் போடுகிறார்கள். அதனால் ஒரு குறியை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. கீல், கொக்கி, விளிம்பு எல்லாம் கைபட்டு தேய்ந்திருக்க, எழுத்து மட்டும் புத்தம் புதுசாக இருந்தால் சந்தேகப்படுங்க.

முள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கா?

உடனே ரிப்பேர் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் பூமியின் காந்தப்புலம் முள்ளின் வடக்கு முனையைக் கீழே இழுக்கும். அதைச் சமன் செய்ய தெற்குப் பக்கத்தை கொஞ்சம் கனமாக்குவார்கள். காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தென்முனைக்குப் பக்கத்தில் போகிறது. 1963-ல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததற்கு அதுவே காரணம். மதுரையில் அந்த இழுப்பு மிகக் குறைவு. அதனால் இங்கிலாந்துக்காக செய்த முள் இங்கே தெற்கு பக்கம் தாழும். இது ஒரு துப்பு மட்டுமே, முடிவான ஆதாரம் இல்லை.

கண்ணாடியைத் திறக்கலாமா?

கூடாது. உலகப்போர் கால ராணுவத் திசைகாட்டிகள் பலவற்றில் இருட்டில் தெரிவதற்காக ரேடியம் பூசியிருப்பார்கள். இன்று ஒளிராவிட்டாலும் கதிரியக்கம் இருக்கும். ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். அந்தத் தூள் மூச்சில் போவதுதான் ஆபத்து. குழந்தைகள் கையில் கொடுக்காதீங்க.

'இரிடியம் இருக்கு, கோடிக்கு போகும்' என்றால்?

'ரைஸ் புல்லிங்' மோசடி இப்படித்தான் தொடங்கும். பழைய பித்தளை, செம்புப் பொருளுக்கு அபூர்வ சக்தி இருக்கு என்பார்கள். அப்புறம் 'டெஸ்ட்' கட்டணம், முன்பணம் என்று உங்களிடமே கறப்பார்கள். தமிழ்நாடு போலீஸ் இதில் பலமுறை கைது செய்திருக்கிறது. திசைகாட்டி முள்ளில் இருப்பது சாதாரண காந்தம்தான். ஆன்லைனில் பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு போன் பண்ணுங்க.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத, வரலாற்று மதிப்புள்ள பொருளை தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மண்ணுக்குள் புதைந்து கிடைத்தது என்றால் 1878 புதையல் சட்டம் வரும். அப்போது கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

சந்தேகம் தீரவில்லையா? மதுரை காந்தி மியூசியம் வளாகத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்தில் கேட்டுப் பாருங்க. யார் வைத்திருந்தது, எந்த ஊர், எந்த வேலை என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்க. முத்திரை சொல்லாததை அவர்கள் சொல்லக்கூடும்.