ஓர் எழுத்துக்கு அரை நிமிடம்

ஜெர்மனியின் யேனா நகரில் மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர், மனித மூளையின் மின்னலைகளை 1924-இல் முதன்முதலாகப் பதிவு செய்தார், 1929-இல் வெளியிட்டார். அவ்வலைகளைக் கொண்டே கணினியை இயக்கலாம் என்னும் எண்ணத்தை, 1973-இல் கலிபோர்னியாவிலிருந்து ழாக் விடால் முன்வைத்தார். விரலின்றிக் குரலின்றி நினைப்பே எழுத்தாகும் என்ற கனவு இவ்வாறு அறிவியலுக்குள் நுழைந்தது.

நடைமுறையில் அது எவ்வளவு பயன்பட்டது? 1988-இல் ஃபார்வெல், டான்ச்சின் இருவரும் அமைத்த முறையில் கணினித் திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக ஒளிரும். நாம் விரும்பிய எழுத்து ஒளிர்ந்து ஏறக்குறைய 300 மில்லிநொடியில் மூளையலையில் ஒரு மேடு எழும். ஒருமுறை கண்டால் போதாது. பலமுறை ஒளிரவிட்டுச் சராசரி காணவேண்டும். கிடைத்த வேகம் நிமிடத்துக்கு 2.3 எழுத்து.

காரணம் எளியது. மண்டையோட்டைத் தாண்டி வரும் மின்னழுத்தம் சில பத்து மைக்ரோவோல்ட் மட்டுமே. தலையில் பசை தடவி மின்முனைகளைப் பொருத்தவேண்டும். கண் ஒருமுறை இமைத்தாலே அந்த அலை மூழ்கிவிடும். இமைப்பு என்பது அக்கருவிக்கு இரைச்சல்.

அந்த இரைச்சலையே ஒருவர் எழுதுகோலாக்கினார். பிரெஞ்சு இதழாசிரியர் ழான் தொமினிக் பொபி, 1995 டிசம்பரில் பக்கவாதத்தால் உடல் முழுதும் முடங்கினார். எஞ்சியது இடது இமை. எதிரில் அமர்ந்தவர் எழுத்துகளை அவை மிகுதியாகப் பயன்படும் வரிசையில் சொல்லிவர, வேண்டிய எழுத்தில் அவர் இமைத்தார். அப்படி உருவான நூல் 1997 மார்ச்சில் வெளிவந்தது. சில நாட்களில் அவர் மறைந்தார். அங்கே கருவியே இல்லை. பொறுமையுள்ள ஒரு மனிதர் இருந்தார்.

ஆயின் மூளையலைக் கருவி வீண் என்று நாம் முடிவுகட்டலாகாது. இமையும் ஓயக்கூடிய நோயாளிகள் உண்டு. 1999-இல் ட்யூபிங்கனில் நீல்ஸ் பிர்பௌமர் குழுவினர், நரம்புநோயால் முடங்கிய இருவரைப் பல மாதம் பயிற்றுவித்து, மூளையலையால் எழுத வைத்தனர். 2021-இல் அமெரிக்க ஆய்வொன்று நிமிடத்துக்கு 90 எழுத்தை எட்டியது. ஆனால் அதற்கு மூளையிலேயே மின்முனைகளைப் பதிக்க வேண்டியிருந்தது.

ஆகவே உணரிகளின் வரலாற்றை வேகத்தால் மட்டும் அளப்பது பிழை. நலமாயிருப்பவருக்கு விளையாட்டாகத் தோன்றும் 2.3 எழுத்து, வேறு வழியற்றவருக்கு வீட்டாரோடு பேசும் வழி. அப்போதும் மின்முனையைப் பொருத்தவும், வரும் எழுத்துக்குக் காத்திருக்கவும் பக்கத்தில் ஒருவர் வேண்டும். இந்தத் தேவையைக் கணக்கில் கொள்ளாத கருவி, ஆய்வகத்தைவிட்டு நோயாளியின் படுக்கையருகே வந்து சேர்வதில்லை.