பதினெட்டு கோல் அடித்த பையன்

எழுபதைத் தாண்டியவன் பேரையூரிலிருந்து பஸ் பிடித்து, டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியாக மதுரைக்குப் போய், இரவு எட்டு மணிக்கு நடக்கும் ஹாக்கி ஆட்டத்தைப் பார்க்கப் போகிறேன் என்றால் வீட்டில் திட்டு விழாமல் இருக்குமா? விழுந்தது. இருந்தாலும் போனேன். நம் மதுரையில் உலகக் கோப்பை ஆட்டம் நடப்பதை இன்னொரு முறை நான் பார்ப்பேனா? நுழைவு இலவசம். கைப்பேசியில் பதிவு செய்கிற வேலையைப் பேரன் பார்த்துக்கொண்டான்.

21 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கான உலகக் கோப்பை அது. 2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. முதல் முறையாக 24 நாடுகள். பாகிஸ்தான் விலகிக்கொண்டதால் அந்த இடத்துக்கு ஓமன் வந்தது. நான் பார்த்தது டிசம்பர் 2 அன்று ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நடந்த இந்தியா – சுவிட்சர்லாந்து ஆட்டம். இந்தியா 5-0 என்று வென்றது.

அந்த ஆட்டத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. பின்வரிசையில் நடந்த பேச்சைப் பற்றித்தான் எழுத வேண்டும். கோவில்பட்டியிலிருந்து வந்த நாலைந்து இளைஞர்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். ஹாக்கி ஊர்க்காரர்கள். இந்தியா கோல் அடிக்கும்போது கைதட்டிவிட்டு, மறுபடி வங்கதேசத்துப் பையன் ஒருவனைப் பற்றியே பேசினார்கள்.

“ஆஸ்திரேலியாவுக்கு மூணு, கொரியாவுக்கு மூணுடா. அந்த டிராக் ஃபிளிக்க பாத்தியா?”

“பாத்தேன், பாத்தேன். அடுத்த வருசம் அவனப் பத்தி யாரு பேசுறான்னு பாப்போம்.”

இரண்டாவதாகப் பேசியவர் விளையாட்டு விடுதியில் இருந்து பயிற்சி பெற்றவராம். நான் திரும்பி, “ஏன் தம்பி அப்படிச் சொல்றீங்க?” என்றேன். “அய்யா, நானும் ஒரு காலத்துல நல்லா அடிச்சவன்தான். இப்போ தீப்பெட்டி கம்பெனியில கணக்கு எழுதுறேன்” என்று சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

அவர்கள் பேசிய பையன் பெயர் அமிருல் இஸ்லாம். வங்கதேசம் இந்தக் கோப்பைக்கு வந்ததே இதுதான் முதல் தடவை. 2024-ல் மஸ்கட்டில் நடந்த இளையோர் ஆசியக் கோப்பை வழியாகத் தகுதி பெற்றது. பயிற்சியாளர் நெதர்லாந்தின் சீக்ஃப்ரீட் ஐக்மன். 2018 ஆசிய விளையாட்டில் ஜப்பானுக்குத் தங்கம் வாங்கித் தந்தவர். ஆஸ்திரேலியாவிடம் 3-5 என்று தோற்றார்கள். கொரியாவுடன் மூன்று கோல் பின்தங்கி 3-3 என்று சமன் செய்தார்கள். ஆறு கோலும் அமிருல் அடித்தவை. பெரும்பாலும் பெனால்டி கார்னர்தான்: பின்கோட்டிலிருந்து பந்து வரும், வட்டத்தின் விளிம்பில் ஒருவர் நிறுத்துவார், இவன் ஸ்டிக்கில் பந்தை இழுத்துச் சுழற்றி வலைக்குள் எறிவான். கண் சிமிட்டினால் போயிற்று.

போட்டி முடிந்தபோது அவன் கணக்கு 18 கோல். அதில் ஐந்து ஹாட்ரிக். ஜெர்மனி, ஸ்பெயின், இந்தியா எல்லா அணிகளின் வீரர்களையும் விட அதிகம். அவன் அணி பிடித்த இடமோ பதினேழு.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். புதுவை அரசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்று, மனைவியின் ஊரான பேரையூருக்கு வந்து சேர்ந்தவன். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் 21 வயதுக்குட்பட்ட அணியை ‘எஸ்புவார்’ என்பார்கள். அந்தச் சொல்லுக்கு நம்பிக்கை என்று பொருள். இந்த இளையோர் உலகக் கோப்பையே 1979-ல் பிரான்சின் வெர்சாய் நகரில்தான் தொடங்கியது. கோப்பையைத் தூக்கியது பாகிஸ்தான். அதன் பிறகு ஜெர்மனி எட்டு முறை வென்றுவிட்டது, இந்த முறையும் சேர்த்து. இந்தியா 2001-ல் ஹோபார்ட்டிலும் 2016-ல் லக்னோவிலும் வென்றது. ஜெர்மனியில் மட்டும் என்ன, திறமை மண்ணிலா முளைக்கிறது? கிளப், லீக், பயிற்சி என்று பையன் ஏறிப்போக ஓர் ஏணி இருக்கிறது.

பனியில் ஆடும் ஹாக்கியிலும் இதே கதைதான். அங்கே 20 வயதுக்குட்பட்டோருக்கான உலகப் போட்டி ஒவ்வொரு கிறிஸ்துமஸ் சமயத்திலும் நடக்கும். 1993-ல் சுவீடனில் நடந்தபோது பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் என்ற உள்ளூர்ப் பையன் ஏழு ஆட்டத்தில் 31 புள்ளி எடுத்தான். கோல் அடித்தாலும் அடிக்கக் கொடுத்தாலும் அங்கே புள்ளி உண்டு. அந்தச் சாதனையை இன்னும் யாரும் தாண்டவில்லை. அடுத்த ஆண்டே ஒலிம்பிக் தங்கம். பிறகு வட அமெரிக்காவில் இரண்டு ஸ்டான்லி கோப்பைகள். ரசிகர்கள் சொன்ன ஜோசியம் பலித்தது. ஆனால் அவனுக்கு ஏணி முன்பே சாத்தி வைக்கப்பட்டிருந்தது: சொந்த நாட்டில் லீக், கடல் தாண்டி அவனுக்காகக் காத்திருந்த கிளப்.

டாக்காவிலோ ஹாக்கி லீக் ஒழுங்காக ஆண்டுதோறும் நடப்பதில்லை. 18 கோல் அடித்தவன் ஊருக்குத் திரும்பி எந்த ஏணியில் ஏறுவான்? கோவில்பட்டித் தம்பி கேட்டது இதைத்தான். பொறாமையில் சொன்ன பேச்சில்லை அது.

எனக்கு என் பழைய அலுவலக நண்பர் நினைவுக்கு வந்தார். இளம் வயதில் ஜூனியர் ஹாக்கியில் வெளிமாநிலம் வரை போய் ஆடியவர். பேப்பரில் இரண்டு வரி வந்ததாம். மறு வருடம் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. அந்த ஸ்டிக்கைப் பதிவறை பீரோவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்தார். மதிய உணவு வேளையில் எப்போதாவது எடுத்து, காகிதப் பந்தை உருட்டிக் காட்டுவார். எனக்கு ஹாக்கி தெரிந்ததே அவரால்தான். ஓய்வு பெற்ற நாளில் நாங்கள் போட்ட மாலையைக் கழற்றிப் பையனிடம் கொடுத்துவிட்டார். ஸ்டிக்கை மட்டும் தானே பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

இந்தியா அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-5 என்று தோற்றது. டிசம்பர் 10 அன்று அர்ஜென்டினாவுக்கு எதிராக 0-2 என்று பின்தங்கி, கடைசிக் கால் பகுதியில் நான்கு கோல் அடித்து வெண்கலம் வாங்கியது. வீட்டில் டிவியில் பார்த்தேன். 2016-க்குப் பிறகு முதல் பதக்கம்; சந்தோஷம்தான். நம் பையன்களுக்குப் பரிசு அறிவிப்பார்கள், வேலையும் கிடைக்கும். கிடைக்கட்டும்.

மைதானத்திலிருந்து வெளியே வரும்போது அந்தக் கோவில்பட்டித் தம்பி என் கையைப் பிடித்துப் படியிறக்கினார். “ஆனா அய்யா, நல்லா அடிக்கிறான்ல?” என்றார்.

“ரொம்ப நல்லா அடிக்கிறான் தம்பி” என்றேன்.

அன்று இரவு திருமங்கலத்தில் மகள் வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் பேரையூர் வந்தேன். அதன் பிறகு பேரன் அடிக்கடி, “என்ன தாத்தா, வங்கதேசம் ஜெயிச்சுதான்னு பாக்கணுமா?” என்று கேலி செய்கிறான். செய்யட்டும். 2026-லும் அதற்குப் பிறகும் அந்தப் பெயர் எங்காவது வருகிறதா என்று பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். என் நண்பருக்கு அப்படிப் பார்க்க ஒருவர்கூட இல்லாமல் போனார்.