முனைவர் பட்டம் இல்லாத நோபல் விஞ்ஞானி

ஜெர்ட்ரூட் எலியன். இந்தப் பெயர் பலருக்கும் தெரியாது. ஆனால் இவர் கண்டுபிடித்த மருந்துகள் இல்லாத மருத்துவமனை அபூர்வம்!

1918-இல் நியூயார்க்கில் பிறந்தவர். 15 வயதில், பாசமான தாத்தா வயிற்றுப் புற்றுநோயால் துடித்து இறப்பதைப் பார்த்தார். இந்த நோய்க்கு மருந்து காண வேண்டும் என்றே கல்லூரியில் வேதியியல் எடுத்தார்.

1937-இல் பட்டம் வாங்கியும் வேலை கிடைக்கவில்லை. அது பொருளாதாரப் பெருமந்தக் காலம். போதாததற்கு, ஆய்வகத்தில் பெண் இருந்தால் மற்றவர்கள் கவனம் சிதறும் என்று சொல்லி ஓரிடத்தில் மறுத்தார்கள். சம்பளமே இல்லாமல் ஓர் ஆய்வகத்தில் சேர்ந்தார். பள்ளியில் பாடம் நடத்தினார். ஊறுகாயின் புளிப்பைச் சோதிக்கும் வேலைகூடப் பார்த்தார்!

இரண்டாம் உலகப்போரில் ஆண்கள் போர்முனைக்குப் போக, ஆய்வகங்களில் இடம் காலியானது. 1944-இல் பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் ஜார்ஜ் ஹிட்சிங்ஸின் உதவியாளரானார்.

அப்போது மருந்து கண்டுபிடிப்பது பெரும்பாலும் குருட்டாம்போக்கில்தான் நடந்தது. இவர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். செல் பெருக டிஎன்ஏ வேண்டும். டிஎன்ஏ உருவாகப் பியூரின் வேண்டும். பியூரின் போலவே இருக்கும் போலியைக் கொடுத்தால்? வேகமாகப் பெருகும் புற்றுநோய் செல்தான் அதிகம் ஏமாறும்!

அப்படிப் பிறந்ததுதான் 6-மெர்காப்டோபியூரின். 1953-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளில் பலர் சில மாதங்களிலேயே இறந்த காலம் அது. இந்த மருந்தால் நோய் அடங்கியது. ஆனால் திரும்பவும் வந்தது... எலியனை இது மிகவும் வாட்டியது. பின்னாளில் வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தபோதுதான் பெரும்பாலான குழந்தைகள் பிழைக்கத் தொடங்கினார்கள்.

இதே பாணி ஆராய்ச்சியில் மலேரியாவுக்குப் பைரிமெத்தமின், பாக்டீரியா தொற்றுக்கு டிரைமெத்தோபிரிம், மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் காக்க அசாதியோபிரின் என்று வரிசையாக வந்தன. 1970-களில் வந்த அசைக்ளோவிர் இன்னும் சுவாரஸ்யம். ஹெர்பிஸ் வைரஸின் சொந்த நொதியே இந்த மருந்தை முடுக்கிவிடும். அதாவது, தன் எதிரியை வைரஸே எழுப்பிவிடுகிறது! தொற்று இல்லாத செல்களை மருந்து பெரும்பாலும் தொடுவதில்லை.

இடையில் மாலை நேரத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்தார். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக வரவேண்டும் என்றது கல்லூரி. எலியன் படிப்பை விட்டார், வேலையை விடவில்லை.

1988-இல் ஹிட்சிங்ஸ், ஜேம்ஸ் பிளாக் இருவரோடும் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1999-இல் காலமானார். மெர்காப்டோபியூரினும் அசைக்ளோவிரும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இன்றும் இருக்கின்றன.

அன்று படிப்பா வேலையா என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில் சரிதான், இல்லையா?