கருங்கண்ணிப் பருத்தியும் குரோமோசோம் இரட்டிப்பும்

கருங்கண்ணி என்பது தென் தமிழ்நாட்டின் கரிசல் நிலத்தில் மானாவாரியாக விளைந்துவந்த நாட்டுப் பருத்தி. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் வட்டாரங்களில் கம்பு, சோளம், உளுந்து ஆகியவற்றோடு இதுவும் முக்கியப் பயிராக இருந்தது. இதன் தாவரவியல் பெயர் காசிபியம் ஆர்போரியம். 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் இதே பகுதிக்கு வேறொரு பருத்தி வந்து சேர்ந்தது. இந்தோசீனாவிலிருந்து வந்ததால் அதற்குக் கம்போடியா பருத்தி என்று பெயர் நிலைத்துவிட்டது. அது காசிபியம் ஹிர்சூட்டம் என்னும் அமெரிக்க இனம்.

கருங்கண்ணியின் இலை ஆழமாகப் பிளவுபட்டு விரல்கள் போல இருக்கும், பூ மஞ்சள், அடியில் சிவப்புப் பொட்டு, காய் சிறியது. கம்போடியாவின் இலை அகலமானது, மயிர் நிறைந்தது, பூ வெளிர்நிறம், காய் பெரியது, இழையும் நீளம் கூடியது. கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு ஒன்றும் உண்டு. கருங்கண்ணியின் உடற்செல் ஒவ்வொன்றிலும் 26 குரோமோசோம்கள் உள்ளன, கம்போடியாவில் 52. கரிசல் காட்டின் நூறாண்டுப் பருத்தி வரலாற்றில் பெரும்பகுதியை இந்த இரண்டு எண்களை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

52 வந்த வழி

ஓர் உயிரினத்தின் குரோமோசோம் தொகுதி முழுவதும் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ ஆகும் நிலையைப் பன்மடியம் என்பர். விலங்குகளில் இது அரிது, தாவரங்களில் சாதாரணம். கரிசல் விவசாயிக்குப் பழக்கமான பயிர்களிலேயே கம்பு (14), சோளம் (20) இருமடியப் பயிர்கள். கேழ்வரகு (36), நிலக்கடலை (40) நான்மடியப் பயிர்கள். காட்டு நெல் இனங்களிலும் 24 குரோமோசோம் கொண்டவையும் 48 கொண்டவையும் உள்ளன.

பருத்தியில் நடந்தது, இரு வேறு இனங்கள் கலந்து அதன்பின் இரட்டித்தது. ஏறத்தாழ 10 முதல் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன், பழைய உலகைச் சேர்ந்த ஒரு பருத்தியின் விதை கடலில் மிதந்து அமெரிக்கக் கண்டத்தை அடைந்திருக்க வேண்டும் என்பது அறிஞர்கள் கருத்து. அங்கிருந்த காட்டுப் பருத்தி ஒன்றுடன் அது கலந்தது. தாயிடமிருந்து 13, தந்தையிடமிருந்து 13 என்று குரோமோசோம்கள் சேர்ந்தாலும், அவை ஒன்றுக்கொன்று சரியான இணை அல்ல. இனப்பெருக்கச் செல் உருவாகும்போது இணை சேர முடியாததால் இத்தகைய கலப்புச் செடி மலடாகவே இருக்கும். ஆனால் அந்தச் செடியில் தொகுதி முழுவதும் ஒருமுறை இரட்டித்துவிட்டது. 26 குரோமோசோம்கள் 52 ஆயின, ஒவ்வொன்றுக்கும் ஓர் இணை கிடைத்தது, மலடு நீங்கியது. பெற்றோர் இருவருடனும் எளிதில் கலக்காத புதிய இனம் ஒன்று இப்படித் தோன்றியது. அதன் வழித்தோன்றல்களாக இன்று ஏழு நான்மடியப் பருத்தி இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றில் ஒன்று ஹவாய்த் தீவுகளிலும், மற்றொன்று கலாபகசுத் தீவுகளிலும் காடாக வளர்கின்றன.

இது வெறும் ஊகமாக நிற்கவில்லை. 1934இல் ஸ்கோவ்ஸ்டெட் என்பவர் அமெரிக்கப் பருத்தியின் குரோமோசோம்களில் பாதி பெரியவை, பாதி சிறியவை என்பதிலிருந்து இந்தக் கலப்பை உய்த்துணர்ந்தார். 1940இல் பீஸ்லி என்பவர் அதைச் செய்தே காட்டினார். ஆர்போரியத்தை (கருங்கண்ணி சேர்ந்த அதே இனம்) அமெரிக்கக் காட்டுப் பருத்தி ஒன்றுடன் கலந்து, கால்சிசின் என்னும் வேதிப்பொருளால் இரட்டிக்கச் செய்து, இயற்கை ஒருமுறை செய்ததைச் சோதனைச் சாலையில் மீண்டும் உண்டாக்கினார். கால்சிசின் நமக்கு அந்நியமானதன்று. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருக்கும் நஞ்சு அதுதான்.

பழைய பாடநூல்கள் பல, ஆப்பிரிக்கத் தொடர்புடைய ஹெர்பேசியம் இனத்தையே அமெரிக்கப் பருத்தியின் பெற்றோராகக் குறிப்பிட்டன. கரிசலில் ‘உப்பம்’ என்று வழங்கிய பருத்தி இந்த இனத்தைச் சேர்ந்தது. மரபணுத் தொகுதிகளை முழுமையாக ஒப்பிட்ட பிறகு 2020இல் வெளியான ஆய்வு இதைத் திருத்தியது. உப்பமும் கருங்கண்ணியும், அமெரிக்கப் பருத்தியின் அந்தப் பெற்றோரும், இப்போது இல்லாத ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்தவை என்கிறது அது. உறவு சொல்ல வேண்டுமானால் கம்போடியாவுக்குக் கருங்கண்ணி தகப்பனல்ல, சித்தப்பா முறை.

இரட்டிப்பு தந்தது என்ன?

அமெரிக்கக் காட்டுப் பெற்றோருக்கு நூற்கத்தக்க இழையே கிடையாது. ஆனால் 1998இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 52 குரோமோசோம் பருத்தியில் இழையின் தரத்தைத் தீர்மானிக்கும் மரபணு இடங்களில் பல, இழையில்லாத அந்தப் பெற்றோரிடமிருந்து வந்த பாதியில் இருப்பதைக் கண்டது. காரணம் இப்படி விளக்கப்படுகிறது: ஒரே மரபணுவுக்கு இரண்டு பிரதிகள் இருக்கும்போது ஒன்று பழைய வேலையைப் பார்த்துக்கொள்ளும், மற்றொன்று மாறுவதற்குச் சுதந்திரம் பெறும். அந்த மாற்றங்களில் பயனுள்ளவற்றை அமெரிக்கப் பழங்குடி உழவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். எனவே நீண்ட இழைக்கு இரட்டிப்பு வழிதான் திறந்தது. மீதி வேலை மனிதர் கையால் நடந்தது. பல பிரதிகள் பயனற்றுச் செயலிழந்தும் போயின.

இருமடியம் என்று சொல்லப்படும் கருங்கண்ணியும் முற்றிலும் ‘இரட்டிக்காதது’ அல்ல. 2012இல் பெரு நாட்டுக் காட்டுப் பருத்தியின் மரபணுத் தொகுதி வாசிக்கப்பட்டபோது, சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பருத்திகளின் மூதாதையில் ஐந்தாறு மடங்குப் பெருக்கம் நிகழ்ந்ததற்கான தடயம் கிடைத்தது.

கரிசலில் இரு பருத்திகள்

கருங்கண்ணியும் உப்பமும் கலந்த பருத்தி, 19ஆம் நூற்றாண்டில் தூத்துக்குடி வழியாகக் கப்பலேறி, ‘டின்னவெல்லி’ என்ற வணிகப் பெயரில் விற்பனையானது. ஆனால் லங்காசயர் ஆலைகளுக்கு வேண்டியது நீண்ட இழை. 1840களில் கிழக்கிந்தியக் கம்பெனி அமெரிக்காவிலிருந்து பருத்தி பயிரிடுவோரை வரவழைத்தது. கோயம்புத்தூரில் தாவரவியல் அறிஞர் ராபர்ட் வைட் பத்தாண்டுக்கு மேல் சோதனைகளை நடத்தினார். அமெரிக்க விதை இங்கே பரவவில்லை. 52 குரோமோசோம் இங்கு வேரூன்ற, ஆசிய மண்ணிலும் மழையிலும் பழகிய கம்போடியா வரவேண்டியிருந்தது. அதன் இலையிலுள்ள மயிர் தத்துப்பூச்சியைத் தடுத்ததும் பெரிய உதவி.

கம்போடியா பிடித்த இடம் செம்மண்ணும் கிணற்றுப் பாசனமும் உள்ள நிலம். கோயம்புத்தூர் வட்டாரத்தில் அது வேகமாகப் பரவியது. பின்னாளில் புகழ்பெற்ற ‘எம்.சி.யு.’ ரகங்களின் பெயரே மெட்ராஸ், கம்போடியா, உகாண்டா என்பவற்றின் முதலெழுத்துகள்தாம். ஐப்பசி, கார்த்திகை மழையை மட்டும் நம்பிய கரிசலிலோ கருங்கண்ணியே நின்றது. மண் வெடித்து, மேல்மண் காய்ந்த பின்னும் ஆழ வேர்விட்டு அடி ஈரத்தில் காய் பிடிக்கும் செடி அது. 26 குரோமோசோம் என்பதால் வறட்சியைத் தாங்குகிறது என்று சிலர் எழுதுவது பொருந்தாது. இந்த மண்ணிலேயே நூற்றாண்டுகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட விதை என்பதே அதற்குக் காரணம்.

1901இல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் கருங்கண்ணியைச் செம்மைப்படுத்தும் பணியை மேற்கொண்டது. ‘கே’ என்ற எழுத்தோடு எண் சேர்ந்த ரகங்கள் அங்கிருந்து வந்தவை. கம்போடியாவின் நீண்ட இழையைக் கருங்கண்ணியில் ஏற்றினால் போதுமே என்று தோன்றலாம். அங்கேதான் எண் குறுக்கே நிற்கிறது. 26ஐயும் 52ஐயும் கலந்தால் 39 குரோமோசோம் கொண்ட மும்மடியச் செடிதான் கிடைக்கும். 13 குரோமோசோம்களுக்கு இணை இருக்காது. செடி பூக்கும், ஆனால் விதை கட்டாது. கால்சிசின் கொண்டு இந்தத் தடையைத் தாண்டும் முயற்சிகள் இந்தியாவில் 1940 முதலே நடந்தன. சூரத்தில் உருவான ‘தேவிராஜ்’ ரகம் அவ்வழியில் வந்தது. ஆனாலும் அது பல தலைமுறை பின்கலப்பு கேட்கும் நீண்ட வேலை. பெரும்பாலும் கருங்கண்ணியின் முன்னேற்றம் ஆர்போரியத்துக்குள் கிடைத்த வேறுபாடுகளைக் கொண்டே நடந்தது.

26 சுருங்கிய கதை

1947இல் இந்தியப் பருத்திப் பரப்பில் ஏறத்தாழ 97 விழுக்காடு நாட்டுப் பருத்தி. நீண்ட இழைக்கேற்ற ஆலை எந்திரங்கள், 1970இல் வந்த முதல் வணிகக் கலப்பின ரகமான எச் 4, 2002இல் அனுமதிக்கப்பட்ட பி.டி. பருத்தி ஆகிய எல்லாம் 52 குரோமோசோம் பக்கமே சாய்ந்தன. இன்று நாட்டுப் பருத்தி சில விழுக்காடு மட்டுமே. கோவில்பட்டிக் கரிசலிலும் பருத்தி நின்ற காடுகள் பலவற்றில் மக்காச்சோளம் நிற்கிறது.

இதற்கிடையே 1990களில் பாகிஸ்தானிலும் வட இந்தியாவிலும் இலைச்சுருள் நச்சுயிரி அமெரிக்கப் பருத்தியைப் பெருமளவில் அழித்தபோது, பக்கத்து வயலின் ஆர்போரியம் பாதிப்பின்றி நின்றது. அந்த எதிர்ப்பை அமெரிக்கப் பருத்திக்கு மாற்ற முயன்றவர்களுக்கும் அதே 39தான் முட்டுக்கட்டை.

அந்தத் தடையால் கருங்கண்ணிக்கு ஒரு நன்மையும் உண்டு. பக்கத்து வயலில் பி.டி. பருத்தி பூத்தாலும் அதன் மகரந்தம் கருங்கண்ணியில் விதை பிடிப்பது மிக அரிது. தப்பிப் பிடித்தாலும் அச்செடி மலடாகவே போகும். ஆகவே கருங்கண்ணி விதை கலப்படமாவது பெரும்பாலும் காட்டில் அல்ல; இரண்டு பருத்தியையும் ஒரே எந்திரத்தில் அரைக்கும் ஜின்னிங் ஆலையில். விதைக்கென்று கொட்டையை எடுத்துவைப்பவர்கள், முதல் எடுப்புப் பருத்தியைத் தனியே அரைத்து வாங்குவதற்குக் காரணம் இதுதான்.