8 வாட்டில் ஒரு தியேட்டர்

"வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்கலாம்னு இருக்கேன், எது நல்லது?" என்று நண்பர்கள் அப்பப்போ கேட்பதுண்டு. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "உங்க ஸ்பீக்கர் எது?" உடனே ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஆனா இந்தக் கேள்விக்குப் பின்னால் நூறு வருஷக் கதை ஒண்ணு இருக்கு. கொஞ்சம் கணக்கும் வரும், பயப்படாதீங்க :-)

அமெரிக்காவில் சினிமா பேச ஆரம்பித்த காலம். 1926 ஆகஸ்டில் 'டான் ஜுவான்', 1927 அக்டோபரில் 'தி ஜாஸ் சிங்கர்'. ஒலிக்கருவிகள் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்துடையவை. அவர்களுக்கு ஒரு பெரிய தலைவலி. அன்றைய வால்வுகளைக் கசக்கிப் பிழிந்தாலும் சில வாட்தான் தேறும். ஆயிரம் பேர் உட்காருகிற அரங்கில் கடைசி வரிசைக்கும் வசனம் கேட்கணுமே!

வாட்டைக் கூட்ட முடியாது, சரி, கிடைக்கிற வாட்டை வீணாக்காமல் இருப்போம் என்று ஸ்பீக்கர் பக்கம் போனார்கள். பெல் ஆய்வகத்தின் வென்ட், துராஸ் இருவரும் 555 என்ற டிரைவரைச் செய்தார்கள். அதன் வாயில் பல அடி நீளத்துக்கு ஒரு ஹார்ன். டிரைவரின் சின்னத் தகடு நேராகக் காற்றைத் தள்ளினால் பாதிக்கு மேல் வெட்டி வேலை. மெல்ல மெல்ல விரிகிற ஹார்ன் நடுவில் இருந்தால் அந்தத் தள்ளல் காற்றில் நன்றாக ஏறும். நம்ம ஊர்த் திருவிழாவில் மரத்தில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர் அடுத்த ஊருக்கும் கேட்கிறதே, அதே சூட்சுமம்தான். சாதாரண வீட்டு ஸ்பீக்கர் வாங்குகிற மின்சாரத்தில் 1 சதவீதத்தைக்கூட ஒலியாக்குவதில்லை என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளவும்.

1938-ல் வந்த 300பி வால்வு இந்த உலகத்துப் பிள்ளை. ஒற்றை வால்வாகப் போட்டால் சுமார் 8 வாட். சின்ன தியேட்டருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

இதை வீட்டுக்குள் கொண்டு வந்தவர் பால் கிளிப்ஷ். 1946-ல் ஆர்கன்சா மாநிலத்தின் ஹோப் என்ற சின்ன ஊரில் கம்பெனி ஆரம்பித்தார். அவருடைய கிளிப்ஷ்ஹார்ன் நாலடிக்கு மேல் உயரம். ஹார்னை மடித்துப் பெட்டிக்குள் வைத்து, அறையின் மூலைச் சுவர்களையே ஹார்னின் தொடர்ச்சியாக்கிவிட்டார். மூலை இல்லாத வீட்டுக்காரர் பாவம்.

அப்புறம்தான் திருப்பம். 1954-ல் எட்கர் வில்ச்சர், ஹென்றி க்ளாஸ் இருவரின் ஏஆர்-1 ஸ்பீக்கர் வந்தது. காற்றுப் புகாமல் அடைத்த சின்னப் பெட்டி, ஆனால் ஆழமான பேஸ். இது எப்படின்னா, எதையோ கொடுத்துத்தான் எதையோ வாங்கினார்கள். பின்னால் க்ளாஸுடன் சேர்ந்து கேஎல்எச் கம்பெனி தொடங்கிய ஹாஃப்மன் பெயரில் ஒரு விதி இருக்கு: சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்டில் அதிகச் சத்தம், இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். ஏஆர்-1 மூன்றாவதைக் கைவிட்டது.

காலமும் அதற்கே சாதகம். 1958-ல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தன. இனி ஸ்பீக்கர் இரண்டு வேணும். அலமாரி சைஸில் இரண்டு பெட்டியை எந்த வீட்டம்மா எதிர்ப்பார்? அடுத்து வந்த டிரான்சிஸ்டர் வாட்டை மலிவாக்கிவிட்டது. ஸ்பீக்கர் எவ்வளவு தின்றால் என்ன, ஆம்ப்ளிஃபயர் போடும் என்றாகிவிட்டது.

தியேட்டர்கள் கழித்துப்போட்ட பழைய ஹார்ன்களையும் வால்வுகளையும் 1970களில் தேடித்தேடி வாங்கியவர்கள் ஜப்பானிய ரசிகர்கள். பிரான்சில் ழான் ஹிராகா அதைப் பற்றி எழுதினார். மோகம் பரவியது. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 1988-ல் நிறுத்திய 300பி, 1997-ல் மறுபடி உற்பத்திக்கு வந்தது. என் வருத்தம் இங்கேதான். திரும்பி வந்தபோது பலர் வால்வை மட்டும் வாங்கினார்கள், ஜோடியை விட்டுவிட்டார்கள்.

இப்போ கணக்கு. 1 வாட் கொடுத்து 1 மீட்டரில் அளந்தால் கிளிப்ஷ்ஹார்ன் 105 டெசிபெல் என்பது கம்பெனி கணக்கு. இன்றைய சின்னப் பெட்டிகள் பல 85 பக்கம். வித்தியாசம் 20. ஒவ்வொரு 10 டெசிபெலுக்கும் வாட் பத்து மடங்கு, ஆக நூறு மடங்கு! அங்கே 8 வாட் செய்கிற வேலைக்கு இங்கே 800 வாட் வேணும். இதில் 300பி-யை மாட்டிவிட்டு "வால்வு சொதப்புது" என்றால் அது என்ன பண்ணும்?

சத்தம் மட்டுமில்லை. ஃபீட்பேக் இல்லாத ஒற்றை வால்வு ஆம்ப்ளிஃபயரின் உள் மின்தடையே பெரும்பாலும் 2, 3 ஓம் இருக்கும். ஸ்பீக்கரின் மின்தடை சுருதிக்குச் சுருதி ஏறி இறங்கினால், ஒலியும் கூடவே ஏறி இறங்கும். அதனால் டெசிபெல் 95-க்கு மேல் இருக்கா, மின்தடை ரொம்ப ஆடாமல் இருக்கா என்று இரண்டையும் பார்க்கணும்.

ஆக, முதலில் ஸ்பீக்கர், அப்புறம் வால்வு. வீட்டில் சின்னப் பெட்டிதான் வைக்க முடியும்னா ஒரு நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் வாங்கி நிம்மதியாகப் பாட்டு கேளுங்க. ஏஆர்-1 போட்டுக்கொடுத்த பாதை அது, அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.