கதிரியக்கமும் நம் சென்னையும்

கதிரியக்கம் என்றதும் நம்மில் பலருக்கு அணுகுண்டின் நினைவே வரும். ஆனால் சென்னை நகரத்தார் அதனோடு கொண்ட உறவு ஹிரோஷிமாவுக்கு முந்தியது. மயிலாப்பூர் மாடவீதிகளில் சுவாமி புறப்பாட்டுக்கு வெளிச்சம் தந்த உறவு அது. ஆட்கள் தலையில் சுமந்து வந்த காஸ் லைட்டுகளைக் கண்ட முதியோர் இன்றும் உள்ளனர். அந்த விளக்கினுள் தொங்கிய வெண்ணிற மாண்டில் தோரியத்தால் ஆனது. நூல்வலையைத் தோரிய உப்பில் தோய்த்து உலர்த்துவர். முதன்முறை கொளுத்தும்போது நூல் எரிந்துபோகும்; சாம்பல் மட்டும் வலையின் வடிவிலேயே நின்று, சூடேறி, கண் கூசும் வெள்ளொளி வீசும். ஒளிக்குக் காரணம் வெப்பமே, கதிரியக்கம் அன்று. ஆயினும் அந்தத் தோரியம் தன் போக்கில் கதிர்களை உமிழ்ந்துகொண்டே இருந்தது. மாடவீதியில் அதை அறிந்தவர் எவர்?

இந்தத் தோரியத்தின் பெரும் ஊற்றுகளுள் ஒன்று நம் தென்கோடிக் கடற்கரை. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை 1909ஆம் ஆண்டில் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர் கண்டறிந்தார். அதன் பின்னரே மணவாளக்குறிச்சி மணலுக்கு உலகச் சந்தையில் விலை ஏற்பட்டது. அக்கரையிலும் கேரளத்துக் கருநாகப்பள்ளியிலும் வாழ்வோர் தலைமுறை தலைமுறையாகக் கூடுதல் கதிர்வீச்சுக்கு நடுவே குடியிருக்கின்றனர். கருநாகப்பள்ளியில் நடந்த நெடுங்கால ஆய்வில் அதனால் புற்றுநோய் மிகுந்ததாகத் தெரியவில்லை. மற்றவர்களும் தப்பியவர்கள் அல்லர். மண், வான்வெளி, மூச்சுக்காற்றிலுள்ள ராடான், உணவிலுள்ள பொட்டாசியம் என இயற்கை நமக்குத் தரும் பங்கு உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட்.

மனிதன் தன் கையால் சேர்த்த பங்கின் கதையில் 1954ஆம் ஆண்டு மறக்கவொண்ணாதது. அவ்வாண்டு மார்ச் 1ஆம் நாள் பிக்கினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டு, கணக்கிட்டதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலான வலிமையோடு வெடித்தது. தொலைவில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகொன்றின் மேல் வெண்சாம்பல் பொழிந்தது. படகிலிருந்த 23 பேரும் நோயுற்றனர். ஒருவர் செப்டம்பரில் இறந்தார்.

அதே 1954 ஜூனில், அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை ஒன்று தொடங்கியது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு எழுப்பியது அது. அடிக்கல் நாட்டியவர் நேரு. பிழைக்க மாட்டார் என்று கருதப்பட்டவருக்கு மருத்துவமனை எதற்கு என்ற எண்ணம் பரவியிருந்த காலத்தில், அந்த அம்மையார் விடாது பணம் திரட்டியதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. கனடாவில் 1951இல் முதன்முதலாக நோயாளிகளுக்குப் பயன்பட்ட கோபால்ட்-60 சிகிச்சை, பத்தாண்டு முடியுமுன்பே அடையாற்றுக்கும் வந்துவிட்டது. அணு உலையில் வைத்துக் கதிரியக்கம் ஊட்டிய கோபால்ட் அது. கனத்த ஈயக்கவசத்தினுள் அடைத்து, ஒரு துவாரத்தின் வழியே கட்டியின் மேல் மட்டும் கதிரைச் செலுத்துவர். ஐந்து ஆண்டுகளுக்குச் சற்று மேல் சென்றால் அதன் வீரியம் பாதியாகிவிடும். அப்புறம் அதே சிகிச்சைக்கு நோயாளி இரு மடங்கு நேரம் படுத்திருக்க வேண்டும்.

குண்டுச் சோதனையின் சாம்பலுக்குக் கவசமும் இல்லை, துவாரமும் இல்லை. மழையோடு இறங்கிப் புல்லில் படியும். புல்லை மேய்ந்த பசுவின் பாலில் ஏறும். அதிலுள்ள ஸ்ட்ரான்சியம்-90 சுண்ணாம்புச்சத்தை ஒத்திருப்பதால் குழந்தையின் எலும்பில் போய்த் தங்கிவிடும். தாய்மார்களை அச்சுறுத்தியது இதுவே.

அடையாற்றுக்கு அதிகத் தொலைவில்லாத தியாகராய நகரில், பஸ்லுல்லா சாலையில் வாழ்ந்த ராஜாஜியையும் இது உறங்கவிடவில்லை. சோதனைகளை நிறுத்துங்கள் என்று பல ஆண்டுகள் எழுதியும் பேசியும் வந்தார். 1962 செப்டம்பரில், 83ஆம் வயதில், காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவோடு வாஷிங்டன் சென்று அதிபர் கென்னடியை நேரில் கண்டார். குறித்த நேரத்தைக் கடந்தும் அந்த உரையாடல் நீண்டதாகச் சொல்வர். அடுத்த மாதமே கியூபா நெருக்கடி வந்து உலகம் அணுப்போரின் விளிம்பில் நின்றது.

அம்முதியவரின் சொல்லே உடன்படிக்கையைக் கொண்டுவந்தது என்றால் மிகையாகும். வல்லரசுகளுக்கு அவற்றின் அச்சங்களும் கணக்குகளும் இருந்தன. ஆயினும் 1963 ஆகஸ்ட் 5ஆம் நாள் அமெரிக்காவும் சோவியத் நாடும் பிரிட்டனும், வானிலும் விண்வெளியிலும் நீரடியிலும் சோதனை செய்வதில்லை என்று மாஸ்கோவில் கையொப்பமிட்டன. சில நாட்களில் இந்தியாவும் சேர்ந்தது. பிரான்சும் சீனாவும் விலகி நின்றன; வான்வெளியில் நிகழ்ந்த கடைசிச் சோதனை, 1980இல் சீனா நடத்தியது. சோதனைச் சாம்பலால் உலக மாந்தர் பெற்ற கதிர்வீச்சு 1963இல்தான் உச்சமாக, சராசரி 0.11 மில்லிசீவர்ட்டாக இருந்தது. பிறகு அது ஆண்டுதோறும் குறைந்து, இருபதில் ஒரு பங்குக்குத் தாழ்ந்தது.