ஆவூர்க் குருவும் மரியாதை இராமன் கதையும்

பதினேழாம் நூற்றாண்டுப் பிரான்சில் மனித இயல்பை ஆராய்ந்து எழுதிய அறிஞர் சிலர் இருந்தனர். 1665இல் தம் நூலை வெளியிட்ட லா ரோஷ்ஃபூக்கோ, மனிதர் போற்றும் நற்குணங்கள் பலவற்றின் அடியிலும் தற்பிரியமே ஒளிந்திருக்கக் கண்டார். 1688இல் லா புருயேர் அரண்மனை மாந்தரின் குணங்களைத் தீட்டினார். 1655இல் பிறந்த ழான் வெனான் பூஷே என்னும் பிரெஞ்சு இயேசு சபைக் குரு, சயாம் வழியாக இந்தியா வந்து மதுரை மிஷனில் சேர்ந்து, இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூரில் திருப்பணியாற்றினார். மனித இயல்பைப் பற்றி அவர் கற்றது பெரும்பாலும் நம் ஊரார் வாய்மொழியிலிருந்தே.

1714இல் அவர் புதுச்சேரியிலிருந்து பாரிஸ் நீதிபதி ஒருவருக்கு நெடுங்கடிதம் வரைந்தார். இந்நாட்டாருக்கு எழுதப்பட்ட சட்டத்தொகுப்பு இல்லை. பழமொழிகளும் வழிவழி வந்த மரபுமே அவர்களுக்குச் சட்டம் என்கிறார். எழுதிவைத்தால் கற்றவர் மட்டுமே அறிவர், மரபாக வந்தால் யாவரும் அறிவர் என்பது அவர் கேட்ட விளக்கம். இதனிடையே மரியாதை இராமன் கதை வருகிறது. ஒருவனுக்கு மனைவியர் இருவர். மூத்தவளுக்குக் குழந்தையுண்டு, இளையவளுக்கோ கணவனின் அன்புண்டு. பொறாமையால் மூத்தவள் தன் குழந்தையையே கொன்று பழியை இளையவள்மேல் சுமத்துகிறாள். நீதிபதி இருவரையும் சபைமுன் நாணமற்ற முறையில் சுற்றிவரச் சொல்ல, மூத்தவள் இசைகிறாள். இளையவளோ சாவதே மேல் என மறுக்கிறாள். குற்றவாளி யார் என்பது விளங்கிவிடுகிறது.

சாலொமோனின் தீர்ப்பை நினைவூட்டும் கதையெனினும், வேற்றுமை பெரிது. அங்கே தாயன்பு உண்மையைக் காட்டியது. இங்கோ தாயே கொலையாளி. தற்பிரியம் தாயன்பையும் விழுங்கும் என்பதை லா ரோஷ்ஃபூக்கோ மறுத்திருக்கமாட்டார். ஆனால் இளையவளின் நாணமும் வேடமே என்று கொண்டால் மரியாதை இராமனுக்குத் தீர்ப்பே இல்லை. மெய்யான நற்குணம் ஒன்று எங்கோ உண்டென்று நம் கதை நம்புகிறது. பாவத்தைக் குறித்துப் பிரசங்கிக்கும் நாம் எண்ணிப்பார்க்க வேண்டிய இடம் இது.

இந்த ஞானத்தின் ஊற்று எது? அவ்ராஞ்சு பேராயர் யூவேக்கு எழுதிய மடலில், இந்தியர் சமயம் எபிரெயரிடமிருந்து இரவல் பெற்றது என்று பூஷே வாதிட்டார். பிரமன் ஆபிரகாமாம், சரசுவதி சாராளாம்! பெயரொலியை மட்டும் நம்பிய இவ்வாதம் அவர் கூர்மைக்குத் தகுந்ததன்று.

அதைவிடக் கனமான வினாவொன்று உண்டு. 1704இல் போப்பரசரின் தூதர் துர்னோன் பிறப்பித்த ஆணை, நோயுற்ற பறையர் இல்லங்களுக்கும் குருமார் செல்லவேண்டும் என்றது. இவ்வாணையை எதிர்த்து முறையிட ரோமுக்குச் சென்றவர்களுள் பூஷேயும் ஒருவர். ஊர் வழக்கிலே நியாயத்தைக் கண்டு வியந்த கண்கள், அதே வழக்கிலிருந்த அநியாயத்தைக் காண மறுத்தனவோ?

புராட்டஸ்டண்டாராகிய நாம் இங்கே பெருமை பேசுதல் ஆகாது. சீகன்பால்கு 1708இல் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். அவை 1930இல்தான் அச்சேறின. அவர் 1718இல் தரங்கம்பாடியில் திறந்துவைத்த புதிய எருசலேம் ஆலயத்திலோ சாதியார் அமர்விடம் பிரிந்தேயிருந்தது. 1833இல் பேராயர் தானியேல் வில்சன் இவ்வேற்றுமையை அகற்றுமாறு கட்டளையிட்டபோது, தஞ்சையில் பலர் வேற்றுமையை விடாமல் சபையை விட்டனர்.